வடகோடி விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நாமே கணக்குப் போடுவது எப்படி

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2016 வரை அதற்கு பாரோ என்றுதான் பெயர். நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கும் லாங்யியர்பியென் இன்னோர் ஊர். இரண்டுக்கும் வெளியூரிலிருந்து வர சாலை கிடையாது, ஆனால் இரண்டிலும் போயிங் 737 இறங்கும் ஓடுதளம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினால் ஏதாவது ஒரு தளம் உடனே பதில் தந்துவிடும்: சுமார் 3,380 கி.மீ., நாலே முக்கால் மணி நேரம்.

தூரம் சரிதான். நேரம்தான் எந்தப் பயணிக்கும் உதவாத எண், ஏனென்றால் அந்த வழியில் பயணிகள் விமானமே இல்லை. டிக்கெட் எடுத்துப் போகிறவர் 13,000 கி.மீ.க்கு மேல் பறந்து, இரண்டு நாளை விழுங்கிவிட்டுத்தான் போய்ச் சேருவார். வடக்கே போகப் போக தூரக் கணக்கும் நேரக் கணக்கும் இப்படித் தனித்தனியாகப் பிரிந்துவிடும், ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கவே கூடாது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் போடும் முறையை, இந்த ஜோடியையே வைத்து முழுசாகச் சொல்கிறேன். நீங்கள் வேறு இரண்டு ஊர்களை வைத்திருந்தாலும் இதே வரிசையில் போகலாம்.

முதலில் ஆயங்களைச் சரியாக எடுங்கள்

ஆயங்கள் என்றால் ஓரிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். ஊரின் ஆயங்களை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் ஆயங்களை எடுங்கள். ஊர்ப் பெயரை நம்பித் தேடுவதும் வேண்டாம். கனடாவின் நுனாவுட் பகுதியில் ரெசல்யூட் என்ற ஊரும் உண்டு, ரெசல்யூஷன் என்ற தீவும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆயிரம் கி.மீ.க்கு மேல் தள்ளி இருப்பவை. மூன்றெழுத்துக் குறியீடு இருந்தால் குழப்பமே வராது: உட்கியாக்விக்குக்கு பி.ஆர்.டபிள்யூ., லாங்யியர்பியெனுக்கு எல்.ஒய்.ஆர். ஊர்ப் பெயர் மாறியும் பாரோவின் பழைய குறியீடு மாறவில்லை, டிக்கெட்டில் இன்னும் அதுதான் வரும்.

நம் ஜோடிக்கு: உட்கியாக்விக் வடக்கு 71.285, மேற்கு 156.766. லாங்யியர்பியென் வடக்கு 78.246, கிழக்கு 15.466. மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், இதை விட்டுவிட்டால் கணக்கு மொத்தமும் வேறு எங்கோ போய்விடும்.

அப்புறம் டிகிரி, நிமிடம், விநாடி என்று கொடுத்திருந்தால் அதைத் தசமமாக மாற்றியே ஆக வேண்டும். ரெசல்யூட் நிலையம் இருப்பது வடக்கு 74 டிகிரி 43 நிமிடம் 1 விநாடியில். 43-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 74.717 வரும். அவசரத்தில் 74.43 என்று தட்டிவிட்டால் விமான நிலையம் 32 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். தப்பு நடந்திருப்பது முடிவைப் பார்த்தால் தெரியவே தெரியாது, அதுதான் இதில் உள்ள ஆபத்து.

அடுத்து தூரம்

பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அதில் அலாஸ்கா இடது ஓரத்தில் இருக்கும், ஸ்வால்பார்ட் நடுவே மேலே இருக்கும், இடையில் கனடா, கிரீன்லாந்து என்று பாதி உலகம் விரிந்து கிடக்கும். தீர்க்கரேகை வித்தியாசம் மட்டும் 172 டிகிரி! ஆனால் துருவத்துக்குப் பக்கத்தில் தீர்க்கரேகைகள் குடைக் கம்பிகள் மாதிரி ஒரே முனையில் கூடுகின்றன, நம் இரண்டு ஊர்களும் அந்த முனைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய எதிரெதிர்க் கம்பிகளில் உட்கார்ந்திருக்கின்றன. குறுக்கே போனால் தூரம் கொஞ்சம்தான்.

உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். அதன் நீளம் தெரிய இந்த ஒரு சூத்திரம் போதும்:

கொசைன்(கோணம்) = சைன்(முதல் அட்சரேகை) × சைன்(இரண்டாம் அட்சரேகை) + கொசைன்(முதல் அட்சரேகை) × கொசைன்(இரண்டாம் அட்சரேகை) × கொசைன்(தீர்க்கரேகை வித்தியாசம்)

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கணினியின் விரிதாள்கள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். நம் எண்களைப் போட்டால் முதல் பகுதி 0.9273, இரண்டாம் பகுதி கழித்தல் 0.0648, கூட்டினால் 0.8625. அதற்கு நேர்மாறு கொசைன் எடுத்தால் 30.4 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 3,380 கி.மீ. கடல் மைலில் வேண்டுமென்றால் 60-ஆல் பெருக்குங்கள், 1,824 வரும். விமானிகள் பேசுவது இந்தக் கடல் மைலில்தான்.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதனால் துருவப் பக்கம் ஒரு டிகிரியின் நீளம் 111.7 கி.மீ. வரை போகும். அதையும் கணக்கில் சேர்க்கும் தளங்கள் நம் விடையைவிட பத்துப் பதினைந்து கி.மீ. கூடுதலாகக் காட்டும். இரண்டு தளங்கள் இரண்டு எண் சொல்கின்றனவே என்று குழம்ப வேண்டாம், பயணத் திட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

சூத்திரமே இல்லாமல் போடும் வழியும் இருக்கிறது, வடக்கே மட்டும் இது ரொம்ப அழகாக வேலை செய்யும். ஒவ்வொரு நிலையத்தின் அட்சரேகையையும் 90-இலிருந்து கழியுங்கள். கிடைப்பது வடதுருவத்திலிருந்து அந்த ஊர் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பது. உட்கியாக்விக் 18.7, லாங்யியர்பியென் 11.8. இரண்டும் துருவத்துக்கு எதிரெதிர்ப் பக்கம் என்றால் கூட்டுங்கள்: 30.5 டிகிரி, கிட்டத்தட்ட 3,390 கி.மீ. முழுக் கணக்கின் விடை இதே பக்கத்தில்தான் இருந்தது. இரண்டும் ஒரே தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் இருந்தால் கழியுங்கள்: ஆஸ்லோ நிலையம் 29.8, அதில் 11.8 போனால் 18, அதாவது 2,000 கி.மீ. முழுக் கணக்கு சொல்வது 2,013.

இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கோணத்தில் இருந்தால் சாதாரண முக்கோணக் கணக்குப் போடலாம். கனடாவின் இக்காலுயிட்டையும் ரெசல்யூட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். துருவத்திலிருந்து 26.2 டிகிரி, 15.3 டிகிரி, தீர்க்கரேகை வித்தியாசம் 26.4. இரண்டு எண்களையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி, அதிலிருந்து இரண்டின் பெருக்கலை இரட்டித்து 26.4-இன் கொசைனால் பெருக்கியதைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 14.2 டிகிரி. சுமார் 1,580 கி.மீ. சரியான விடை 1,575. கையில் காகிதமும் சாதாரண கால்குலேட்டரும் இருந்தால் போதும். துருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தட்டையான தரை மாதிரி நடத்தினாலும் பெரிய பிழை வராது என்பதால்தான் இது நடக்கிறது. 60 டிகிரிக்குத் தெற்கே இறங்கினால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். உட்கியாக்விக்கிலிருந்து லாங்யியர்பியெனுக்குப் போகும் பெருவட்டப் பாதை வடதுருவத்தை ஏறக்குறைய 110 கி.மீ. பக்கத்தில் தொட்டுக்கொண்டு போகிறது. கிளம்பும்போது விமானத்தின் மூக்கு வடக்கிலிருந்து வெறும் 3 டிகிரி கிழக்கே திரும்பியிருக்கும், துருவத்தைத் தாண்டியதும் அதே நேர்கோட்டில் போகும் விமானம் தெற்கே போய்க்கொண்டிருக்கும். திசைகாட்டி இங்கே உதவாது. காந்தத் துருவம் பக்கத்தில் இருப்பதால், கனடாவின் வடகோடியில் ஓடுதள எண்களையே உண்மை வடக்கை (வடதுருவம் இருக்கும் திசையை) வைத்துத்தான் போடுகிறார்கள். ரெசல்யூட்டின் சரளைக்கல் ஓடுதளத்தின் எண்ணுக்குப் பின்னால் அதைக் காட்ட ஓர் எழுத்தே சேர்த்திருப்பார்கள். எனவே யாராவது காந்தத் திசை வைத்துத் தூரமோ பாதையோ சொன்னால் ஒதுக்கிவிடுங்கள்.

தூரத்திலிருந்து பறக்கும் நேரம்

ஜெட் விமானத்துக்கு ஓர் எளிய விதி: தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். அந்த அரை மணி என்பது தரையில் உருளுவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து. இதை நம்பலாமா என்று தெரிய, உண்மையில் ஓடும் விமானங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியென் 957 கி.மீ., விதிப்படி ஒரு மணி 42 நிமிடம். கால அட்டவணையும் ஒரு மணி நாற்பது நிமிடத்தை ஒட்டித்தான் சொல்கிறது. ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம், அதுவும் பொருந்துகிறது. உட்கியாக்விக்கிலிருந்து அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜ் 1,163 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அட்லாண்டிக்கைக் கடப்பது மாதிரி நீண்ட பயணமென்றால் 800-க்குப் பதில் 850 போடுங்கள்.

டர்போபிராப், அதாவது முன்னால் விசிறி சுழலும் விமானம் என்றால் கதை வேறு. நுனாவுட்டின் சின்ன ஊர்களுக்குப் போகும் ஏ.டி.ஆர். 42 மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும். இக்காலுயிட்–ரெசல்யூட் 1,575 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம், ஆனால் வழியில் ஆர்க்டிக் பேயில் இறங்கி ஏறும் பயணமென்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம் இன்னும் மெதுவானது, 270 அல்லது 280 போட்டுக் கணக்குப் பாருங்கள். அதனால் எந்த வகை விமானம் என்று தெரியாமல் நேரம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

காற்றும் உண்டு. மணிக்கு 80 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் 830-இல் பறக்கும் விமானம் தரைக் கணக்கில் 750-இல்தான் நகரும். குளிர்காலத்தில் இறக்கைகளில் உறைந்திருக்கும் பனியை நீக்க மருந்து தெளித்துவிட்டுத்தான் கிளம்ப விடுவார்கள், அதற்குக் கால் மணியோ அரை மணியோ தனியாகப் போகும்.

இந்தக் கணக்குப்படி நம் ஜோடிக்கு 4 மணி 44 நிமிடம் வருகிறது. தளங்கள் சொல்லும் அதே எண்.

இதே வழியை ஒருமுறை பறந்தும் காட்டியிருக்கிறார்கள். 1928 ஏப்ரலில் ஆஸ்திரேலியரான ஹூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில், உட்கியாக்விக்குப் பக்கத்தில் இருக்கும் பாயிண்ட் பாரோவிலிருந்து கிளம்பி ஸ்வால்பார்டுக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட 20 மணி நேரம் பறந்தார்கள், கடைசியில் புயலில் மாட்டி ஒரு ஆளில்லாத் தீவில் இறங்கி, சில நாள் விமானத்துக்குள்ளேயே காத்திருந்து, வானம் தெளிந்த பிறகுதான் மனிதர்கள் இருக்கும் இடத்தை அடைந்தார்கள். பறந்த நேரத்தை மட்டும் எடுத்தால், இன்றைக்கு டிக்கெட் எடுத்துப் போகிற பயணிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் ஆகிறது. வேகம் பல மடங்கு கூடியும் அப்படி ஆவது, பாதை சுற்றிப் போவதால்தான். அந்தச் சுற்றைத்தான் அடுத்து அளக்க வேண்டும்.

உண்மையான பாதை

வடக்கே விமானப் பாதைகள் பெரும்பாலும் தெற்கு–வடக்காகத்தான் ஓடும். ஒவ்வொரு வடகோடி ஊரும் தன் நாட்டின் தெற்கு நகரத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது: மருத்துவமனை அங்கே, அரசு அலுவலகம் அங்கே, மளிகைச் சாமான் வருவதும் அங்கிருந்து. பக்கத்து நாட்டின் வடகோடி ஊருக்குப் போக வேண்டியவர்கள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. அதனால் முதலில் இரண்டு ஊருக்கும் எந்தெந்த நகரங்களிலிருந்து விமானம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அந்த நகரங்களை இணைக்கப் பாருங்கள்.

உட்கியாக்விக்கிலிருந்து வெளியே வர பெரும்பாலும் ஆங்கரேஜ் வழிதான். லாங்யியர்பியெனுக்குள் போக ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ. நடுவில் ஒரு வழி சியாட்டில், ரெய்க்யாவிக்: ஆங்கரேஜ்–சியாட்டில் 2,326 கி.மீ., சியாட்டில்–கெஃப்ளாவிக் (ரெய்க்யாவிக்கின் விமான நிலையம்) 5,811, அங்கிருந்து ஆஸ்லோ 1,781, கடைசியாக லாங்யியர்பியென் 2,013. தொடக்கத்து 1,163-ஐயும் சேர்த்தால் 13,094 கி.மீ. நேர்தூரத்தைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. கோடையில் ஆங்கரேஜிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கும், அது கிடைத்தால் சியாட்டில் வரை தெற்கே இறங்கத் தேவையில்லை. எனவே எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு பண்ணிவிட்டுத் தேடுங்கள்.

பருவம் எவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டும் என்பதற்கு கிரீன்லாந்தின் நூக்கும் கனடாவின் இக்காலுயிட்டும் நல்ல உதாரணம். நடுவில் ஒரு நீரிணை, தூரம் 822 கி.மீ. 2012-இல் கோடைக்கால நேரடி விமானம் வந்தது, சில வருடங்களில் நின்றுபோனது, மறுபடி 2024 கோடையில் வந்தது. அது ஓடும் வாரங்களில் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடியும் பயணம், ஓடாத நாட்களில் ஒட்டாவாவுக்கு இறங்கி, ஐஸ்லாந்து அல்லது கோபன்ஹேகன் வழியாகச் சுற்ற வேண்டும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். நூக்கிலேயே 2024 நவம்பரில் 2,200 மீட்டர் ஓடுதளம் திறந்த பிறகு பெரிய ஜெட்டுகள் நேராக இறங்குகின்றன. அதற்கு முன்னால் கங்கர்லுசுவாக்கில் இறங்கிச் சின்ன விமானம் மாற வேண்டியிருந்தது. அதனால் நூக் பற்றி அந்த மாதத்துக்கு முன்பு எழுதிய நேரங்கள் எதையும் எடுக்காதீர்கள்.

மாறும் இடங்களில் ஆகும் நேரம்

ஒவ்வொரு பகுதியின் பறக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். நம் பாதைக்கு 2 மணி, 3 மணி 25 நிமிடம், 7 மணி 20 நிமிடம், 2 மணி 45 நிமிடம், 3 மணி. மொத்தம் பதினெட்டரை மணி நேரம். இது சின்னப் பகுதிதான், மிச்சமெல்லாம் காத்திருப்பு. பெரிய நகரங்களுக்கு நடுவே ஒரு விமானம் போனால் இரண்டு மணி நேரத்தில் அடுத்தது வரும். வடகோடிக்குப் போகும் விமானமோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு, சில ஊர்களுக்கு வாரத்துக்குச் சில நாள் மட்டும். எனவே கணக்கைக் கடைசி விமானத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: லாங்யியர்பியென் விமானம் ஆஸ்லோவில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அதைப் பிடிக்க எப்போது ஆஸ்லோவில் இருக்க வேண்டும் என்று. ஆஸ்லோவில் ஒரு ராத்திரி தங்குவது என் கருத்தில் வீண் செலவு இல்லை, முழுப் பயணத்துக்கும் அதுதான் காப்பு.

தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. உட்கியாக்விக்கில் கோடையில் கடல் மூடுபனி, குளிர்காலத்தில் பனிக்காற்று. விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போவது அங்கே வழக்கமான விஷயம். முடிந்தவரை ஒரே டிக்கெட்டில் கட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள்.

எல்லைச் சோதனையும் நேரம் தின்னும். ஸ்வால்பார்டில் போய் இருக்க விசா வேண்டாம், 1920-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் அந்தத் தீவுகளுக்குத் தனி நிலை. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் நடமாடக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதி) வெளியே இருக்கிறது, போகும் வழி நார்வே. நம் பாதையில் கெஃப்ளாவிக்கில் ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள், ஆஸ்லோவில் வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா போதாது, இரண்டு முறையோ பலமுறையோ நுழையக்கூடிய விசா வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக நேர மண்டலம்

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். அலாஸ்காவுக்கும் ஸ்வால்பார்டுக்கும் வித்தியாசம் 10 மணி நேரம், ஸ்வால்பார்ட்தான் முன்னால். வருடம் முழுக்க அப்படியே என்று நினைக்க வேண்டாம்: அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை, அதனால் மார்ச்சில் சில வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் வித்தியாசம் 9 மணி நேரமாகிவிடும். வெளிச்சத்தைப் பார்த்தும் நேரம் சொல்ல முடியாது. லாங்யியர்பியெனில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் எழாது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மறையாது.

ஒரு கோடைப் பயணத்தை வைத்துப் பார்ப்போம், கிளம்பும் நேரங்கள் கணக்குக் காட்ட நான் வைத்தவை. திங்கள் இரவு 8 மணிக்கு உட்கியாக்விக்கில் ஏறுகிறீர்கள். ஆங்கரேஜில் இரவு 10, அங்கே இரண்டரை மணி நேரம். சியாட்டிலில் செவ்வாய் காலை 4:55, பத்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து பிற்பகல் 3:30-க்குக் கிளம்பினால் கெஃப்ளாவிக்கில் புதன் காலை 5:50. ஒரு மணி 40 நிமிடம் கழித்து ஆஸ்லோ விமானம், அங்கே பகல் 12:15. அன்று மாலை விமானம் கிடைத்தால் புதன் இரவே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் வியாழன் காலை 10 மணி விமானம், லாங்யியர்பியெனில் பகல் 1 மணி.

திங்கள் இரவு 8-இலிருந்து வியாழன் பகல் 1 வரை கடிகாரப்படி 65 மணி நேரம். அதில் மண்டல வித்தியாசம் 10 மணியைக் கழித்தால் 55. அதில் பறந்தது பதினெட்டரை, உட்கார்ந்தும் படுத்தும் காத்திருந்தது முப்பத்தாறரை. திரும்பும்போது இந்த 10 மணியைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது.